துரைக்கு வாத்து ஆகாது

ஆயர் ஈத்தாம்,
பினாங்கு.

அன்பு மகள் ஷர்மினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி கோகுலனும் சுகமாக இருக்கிறோம். துரையும் சுகம். அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தின் நடுவில் அவனைப் பற்றிச் சில விஷயங்கள் வரும், அப்போது நீ பதறாமல் மேலே படிக்க வேண்டும். உன் சுகத்தைத் தினமும் போனில் கேட்கிறோம் என்றாலும் கடிதம் என்று எழுதினால் கேட்பதுதான் முறை, ஆகவே இங்கும் கேட்கிறேன். டப்ளினில் குளிர் குறைந்ததா? இருமல் நின்றதா? போனிலேயே சொல்லியிருக்கலாமே, ஏன் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் உன் முகம் வந்தவுடன் துரை குரைக்கிறான், அவன் குரைப்பதைப் பார்த்து நீ அழுகிறாய், இரண்டு பேரையும் அம்மா சமாதானப்படுத்தி முடிப்பதற்குள் உனக்கு ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நேரம் வந்துவிடுகிறது. அது ஒன்று. இன்னொன்று, இந்த விஷயத்தை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். 'சொல்லாதீங்க' என்றுதான் சொன்னாள். 'எழுதாதீங்க' என்று சொல்லவில்லை.

விஷயம் இதுதான். நீ சீனப் பெருநாளுக்கு முன்னால் ஆன்லைனில் வாங்கி அனுப்பினாயே, ஓநாய்ப் படம் போட்ட பெரிய பை, வாத்துக்கறியில் செய்த நாய் உணவு, அதை இனிமேல் அனுப்பாதே. துரைக்கு வாத்து ஆகாது. காரணத்தை வரிசையாக எழுதுகிறேன்.

நீ அவனை ஆறு மாதம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடம் விட்டுப் போனபோது, ஷ்னௌசர் என்ற ஜெர்மன் சாதி, குட்டை வகை, முடி அதிகம் கொட்டாது, அவ்வளவுதான் சொன்னாய். நீ வைத்த ஆங்கிலப் பெயர் இப்போது எங்கள் யாருக்கும் நினைவில்லை. புருவமும் மீசையும் தாடியும் பார்த்துவிட்டு, பழைய படங்களில் வரும் ரப்பர் தோட்டத்துத் துரை மாதிரி இருக்கிறான் என்று அம்மாதான் பெயர் மாற்றினாள். அவன் நடப்பதும் அப்படித்தான், காலையில் வீட்டைச் சுற்றி வந்து யார் யார் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதைப் போல எல்லா அறையிலும் ஒரு முறை எட்டிப் பார்ப்பான். ஆறு மாதம் இரண்டு வருடம் ஆகப் போகிறது, நான் அதைக் குறையாக எழுதவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் அம்மாவுக்கு முதலிலிருந்தே ஒரு சங்கடம். நீ குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, குழந்தை பிழைத்தால் இனி மச்சம் மாமிசம் தொடமாட்டேன், வீட்டு அடுப்பில் ஏற்றவும் மாட்டேன் என்று தண்ணீர்மலை முருகனிடம் நேர்ந்துகொண்டாள், அதன்படி இன்றுவரை இருக்கிறாள். வீட்டுக்கு வெளியே நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அவள் கேட்பதில்லை. கறிச்சோற்றுக் கடைகள் வரிசையாக இருக்கும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் எனக்கு ஏன் இத்தனை வேலை வருகிறது என்று மட்டும் எப்போதாவது கேட்பாள். துரையின் உணவு, பார்ப்பதற்கு வறுத்த கடலை மாதிரி இருப்பதால் அதை மச்சக் கணக்கில் சேர்க்கவில்லை. மாடு மட்டும் கூடாது என்றாள். ஆட்டுக்கறி போட்டது கொடுத்தால் அவன் காதைச் சொறிந்துகொண்டே இருந்தான். ஆகவே கோழி, வாத்து, வான்கோழி, இறக்கை உள்ள எதுவும் சரி என்று முடிவாயிற்று. இறக்கை உள்ளதெல்லாம் ஒன்றுதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நீயும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

உன் பை வந்ததும் துரையிடம் அதற்கு நல்ல மரியாதை. முந்தைய உணவை அரைமனதாகச் சாப்பிட்டவன் இதைத் தட்டு நகர்ந்து சுவரில் இடிக்கும்வரை நக்கினான். 'நல்லா சாப்பிடுறான்மா' என்று அம்மா உன்னிடம் போனில் சொன்னது உண்மைதான். பெருநாளின் இரண்டாம் நாள் காலையில் அம்மா சாமி அறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது துரை உள்ளே வந்து, முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி அப்படியே நின்றான். 'ஏங்க, ஓடி வாங்க, துரை சாமி கும்பிடுறான்' என்று அம்மா கூப்பிட்டாள். நானும் போய்ப் பார்த்தேன், உண்மையில் மிகவும் பக்தியாகத்தான் இருந்தது. அம்மா அவன் நெற்றியில் விபூதி பூசினாள். நான் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ பதிலுக்கு இதயங்கள் அனுப்பினாய். அது கும்பிடு இல்லையாம், வயிற்றுவலி தாங்க முடியாத நாய் அப்படித்தான் நிற்குமாம். அந்தப் படத்தை நீ வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் இனி யாருக்கும் காட்டாதே.

கொஞ்ச நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. முதலில் சாப்பாடு, பிறகு மஞ்சள் தண்ணீர், பிறகு வெறும் நுரை. தண்ணீர் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மீசையெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டு, சட்டென்று கிழவனாகிவிட்டான். பெருநாள் என்பதால் இந்தப் பக்கத்துக் கிளினிக் எல்லாம் மூடியிருந்தது. கோகுலன் போனில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்து, கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் ஒன்று திறந்திருக்கிறது என்று கண்டுபிடித்தான். மலைமேல் சீனக் கோயிலில் பெருநாள் விளக்குப் பார்க்க வந்த கூட்டத்தில் ஆயர் ஈத்தாமிலிருந்து வெளியே வருவதே பெரும்பாடு, பாலத்தின்மேல் அதைவிடக் கூட்டம். நான் ஓட்டினேன். அம்மா பின்சீட்டில் அவனை மடியில் போட்டுக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பாலத்தில் அவன் அவள் சேலைமேலேயே வாந்தி எடுத்தான். மச்சம் வேக வைத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவள், அந்த வாத்து வாந்தியைத் துடைக்கக்கூட இல்லை. 'வேகமா போங்க' என்றாள். முன்னால் எத்தனை கார் என்று அவளுக்கும் தெரிந்தது.

அங்கே இருந்தவர் டாக்டர் ஹஸ்ருல், இளவயது மலாய்க்காரர், நிதானமானவர். என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். நான் போனில் பையின் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, 'அங்கிள், இது ஈத்தேக்லா' என்றார். வாத்துதான் டாக்டர், நல்ல விலையான வாத்து என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. ரத்தம் எடுத்துக் குழாயில் போட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டுவந்து காட்டினார். மேலே வெள்ளையாகத் திரண்டு நின்றது, கெட்டித் தேங்காய்ப்பால் மாதிரி. அத்தனையும் கொழுப்பு. இந்தச் சாதி நாய்களில் நிறைய நாய்க்கு ரத்தத்தில் கொழுப்பு கரையாமல் தேங்குமாம், பிறகு கணையம் வீங்கிவிடுமாம். மற்ற நாய் தின்றால் ஒன்றும் ஆகாத உணவு இவனைக் கொன்றுவிடுமாம். பிழைப்பானா என்று அம்மா மலாயில் கேட்டாள். அவளுக்கு வரும் மலாய் காய்கறிக் கடை மலாய், விலை கேட்கிற மாதிரிதான் இருந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, 'நான் பார்க்கிறேன் ஆன்ட்டி, இப்ப எதுவும் சொல்ல முடியாது' என்றார். துரைக்கு ட்ரிப் ஏற்றி உள்ளே படுக்க வைத்துக்கொண்டார்கள். கம்பிக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு அவன் வாலைக்கூட அசைக்கவில்லை. திரும்பி வரும்போது அம்மா தன் நேர்த்திக்கடனில் ஏதாவது பிசகு நடந்ததா என்று யோசித்துக்கொண்டே வந்தாள் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை.

அந்த நாட்களில் நீ போன் செய்து துரை எங்கே என்று கேட்டபோதெல்லாம் அம்மா 'தூங்குறான்மா' என்று சொன்னாள். ட்ரிப் ஏற்றிய நாய் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும், ஆகவே அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ தூரத்தில் தனியாக இருக்கிறாய், தெரிந்தால் நீ வாங்கி அனுப்பியதால்தான் இப்படி ஆனது என்று உட்கார்ந்துகொள்வாய் என்பது அவள் பயம். அதை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். நல்லதென்று நினைத்துத்தான் நீ அனுப்பினாய். நல்லதென்று நினைத்துத்தான் நாங்கள் போட்டோம். நல்லதென்று நினைத்துத்தான் அவனும் தின்றான்.

ஒரு வழியாக அவன் தண்ணீர் குடித்தான், பிறகு நர்ஸைப் பார்த்துக் குரைத்தான், வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்கள். போகும்போது டாக்டர் சொன்னது, கொஞ்ச நாளைக்குத் தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, வெறும் தண்ணீரில் வேக வைத்து, குழைந்த சோற்றோடு, சின்னச் சின்ன அளவாகக் கொடுக்க வேண்டும். உப்பு, எண்ணெய், வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. உடம்பு தேறியதும் கொழுப்புக் குறைந்த கோழி உணவாகப் பார்த்து மாற்ற வேண்டும். அம்மா மெதுவாக, பாசிப்பருப்பு கொடுக்கலாமா என்று கேட்டாள். டாக்டர் அதை மரியாதையாக யோசித்தார். பிறகு, 'இப்போதைக்கு வேணாம் ஆன்ட்டி, கோழி' என்றார். கடையில் வேக வைத்து நான் வாங்கி வருகிறேன் என்று காரில் சொன்னேன். 'கடையில உப்பு போட்டுருவாங்க' என்றாள். நான் சமைக்கிறேன் என்றேன். நான் ஒருமுறை முட்டை வேக வைக்கப் போய்ச் சட்டியைத் தீய்த்தது உனக்குத் தெரியும். பாலத்தின் பாதியில் வந்தபோது, 'கோகுலன்கிட்ட சொல்லி பின்னால ஒரு அடுப்பு வாங்கிப் போடுங்க' என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் தண்ணீர்மலைக்குப் போய்க் குருக்களிடம் கேட்டாள். முழுக் கதையையும், கண்ணாடிப் பெட்டியிலிருந்து கணையம் வரைக்கும் சொன்னாள். பின்னால் அர்ச்சனைக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். குருக்கள் கடைசிவரை கேட்டுவிட்டு, 'கோழிய நீங்க சாப்பிடப் போறீங்களாம்மா?' என்றார். இல்லை சாமி, நாய்க்கு என்றாள். 'அப்ப கையக் கழுவிட்டு விளக்கேத்துங்க' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். அம்மாவுக்கு அது போதவில்லை, இன்னும் கடினமாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனாள் போலிருக்கிறது.

சந்தைக்கு நானும் கூடையோடு போனேன். இத்தனை வருடமும் அம்மா அந்தக் கோழி வரிசையைக் கடக்கும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நேராகக் காய்கறிப் பக்கம் போய்விடுவாள், அங்கே கோழிக்கடை வைத்திருக்கும் ஹபீப் முகம்மது பாய் அதை அத்தனை வருடமும் பார்த்திருக்கிறார். அவள் அவர் கடை முன்னால் நின்றதும் அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். 'என்னக்கா, கீரை அந்தப் பக்கம்லா' என்றார். தெரியும் பாய், நெஞ்சுக்கறி வேணும், தோல் கூடாது, கொழுப்பு ஒரு துளி கூடாது என்று அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். யாருக்கு என்று அவர் கேட்டார். அவர் தொழுகிற மனுஷர், நாய்க்கு என்று சொன்னால் என்ன நினைப்பாரோ என்று அம்மாவுக்குத் தயக்கம். 'துரைக்கு. வயிறு சரியில்ல, ஆஸ்பத்திரில இருந்து இப்பத்தான் வந்துருக்காரு' என்றாள். துரை யாரு, சொந்தமா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, 'மகளுக்கு வேண்டியவரு' என்று சொல்லிவிட்டாள். பாய் முகமெல்லாம் மலர்ந்து, 'மாப்பிள்ளையா! சொல்லவே இல்லையேக்கா!' என்றார். பக்கத்துக் கடைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பாய் ஒரு மாப்பிள்ளைக்கு வெட்டுவதுபோல, ஒரு நரம்பு இல்லாமல், கொழுப்பெல்லாம் சீவி எடுத்து வெட்டிக் கொடுத்தார். அவ்வளவு சுத்தமான கறியை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல இடமே இல்லாமல் போய்விட்டது. இதனால் ஆயர் ஈத்தாம் சந்தையில் உனக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளை எங்கள் வீட்டில் படுத்திருப்பதாகக் கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. யாராவது வாழ்த்துச் செய்தி அனுப்பியிருந்தால் காரணம் இதுதான்.

பின்கட்டில் கோகுலன் வாங்கிப் போட்ட அடுப்பில், இதற்கென்றே வாங்கிய சட்டியில் அம்மா சமைத்தாள். முதல் நாள் மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு, தலையைத் திருப்பிக்கொண்டு, நீளமான கரண்டியால் கிண்டினாள். வெந்ததா என்று பார்க்க என்னைக் கூப்பிட்டாள். உப்பில்லாத கோழியை நான் தின்று பார்த்து, வெந்துவிட்டது, ஆனால் மனிதன் சாப்பிட முடியாது என்றேன். துரை சாப்பிட்டான். தட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவன் தொண்டையில் இறங்குகிறதா என்று அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். வாந்தி வரவில்லை. சாயங்காலம் குளித்துவிட்டுத்தான் விளக்கேற்றினாள். இரண்டாவது வாரத்தில் துணியைக் காணோம். பிறகு ஒருநாள் பார்க்கிறேன், கையாலேயே கறியை நார் நாராகப் பிய்த்துக்கொண்டு அவனோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

பாய் தினமும் விசாரிப்பார். மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கு என்பார், வாந்தி நின்னுருச்சு பாய் என்பாள் அம்மா. நடக்குறாரா என்பார். கேட் வரைக்கும் போயிட்டு வந்தாரு என்பாள். இஞ்சி பூண்டு தட்டிப் போட்டு சூப் வைத்துக் கொடுக்கச் சொன்னார், டாக்டர் பூண்டு கூடாது என்கிறார் என்றதும் பாய்க்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பூண்டுகூட ஆகாத அளவுக்கு இருக்கிறதா, சின்ன வயசு ஆச்சே என்றார். அம்மா ஒரு பொய்யும் சொல்லவில்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும், 'நாளைக்குச் சொல்லிரணும்ங்க' என்பாள். அந்த நாளை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் கார் நின்றது. பாயும் அவர் மனைவி மஹ்பூபாவும், பழக்கூடையும் மால்ட் டின்னுமாக, நோயாளியைப் பார்க்க வந்துவிட்டார்கள்.

துரை கேட்டுக்கு ஓடிப்போய் வழக்கம்போல் யார் என்ன என்று குரைத்தான். 'நாய் வச்சிருக்கீங்களா, கொஞ்சம் பிடிச்சுக்கட்டுங்கண்ணே, மாப்பிள்ளையப் பாத்துட்டுப் போயிர்றோம்' என்றார் பாய். நான் துரையைத் தூக்கிக்கொண்டேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர்களுக்கு நேராகவே நின்றேன். அம்மா நடுவாசலில் நின்றாள், முகத்தில் ரத்தமே இல்லை. கடைசியில் என் கையைக் காட்டி, 'பாய், அவருதான் துரை' என்றாள்.

துரை குரைப்பதை நிறுத்திவிட்டான். மஹ்பூபாதான் முதலில் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தார். பாய் சிரிக்கவில்லை. 'அக்கா, நான் வெள்ளிக்கிழமை தொழுகைல துவா கேட்டேனே. பேரச் சொல்லிக் கேட்டேனே' என்றார். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிச்சுக்குங்க பாய், உங்ககிட்ட நாய்க்குன்னு சொல்ல வாய் வரல, மக விட்டுட்டுப் போன பிள்ளை, செத்துப்போனா அவகிட்ட நான் என்ன சொல்லுவேன் என்று என்னென்னவோ சொன்னாள். இத்தனை நாளும் அவள் அழுது நான் பார்க்கவில்லை, டாக்டர் ரத்தக் குழாயைக் காட்டியபோதுகூட அழவில்லை. பாய் பழக்கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். 'அழாதீங்கக்கா. கேட்டது கேட்டதுதான், திருப்பி வாங்கவா முடியும்' என்றார். பிறகு துரையை, நின்ற இடத்திலிருந்தே, மேலும் கீழும் பார்த்தார். 'மீசையப் பாத்தா மாப்பிள்ளை மாதிரிதான்லா இருக்காரு' என்றார். துரையைப் பின்கட்டில் விட்டு, முன்வாசலைக் கழுவி, நாற்காலி போட்டு, நால்வரும் உட்கார்ந்து தேநீர் குடித்தோம். மால்ட் டின்னை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், பாயின் மாமியாருக்கு ஆகுமாம். கூடையில் திராட்சை இருந்தது. திராட்சை நாய்க்கு விஷம் என்பதால் அதை நானே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாளும் பாய் அதே மாதிரிதான் வெட்டிக் கொடுத்தார், ஒரு நரம்பு இல்லாமல். இப்போது நோன்பு மாதம், கறி போடாமல் தனியாக எடுத்து வைத்த கஞ்சி அம்மாவுக்கு அந்த வீட்டிலிருந்து வருகிறது.

இனி உணவு விஷயம். வேக வைத்த கோழியும் சோறும் மட்டும் நெடுநாளைக்குப் போதாது, எலும்புக்கும் ரத்தத்துக்கும் வேண்டியதெல்லாம் அதில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளினிக்கில் கொடுத்த டின் உணவைத் துரை முகர்ந்து பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். ஆகவே நான் சந்தைக்கு எதிரில் உள்ள கடைக்குப் போய் ஒவ்வொரு பையாகத் திருப்பிப் படித்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இத்தனை வருடம் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவன், எழுத்துச் சின்னதாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். முன்பக்கத்தில் கோழிப் படமும் பின்பக்கத்தில் முதல் பொருள் சோளமும் இருக்கிற பைகள் உண்டு. கோழிச் சுவை என்று போட்டிருந்தால் அதில் கோழி வந்து போயிருக்கிறது என்று மட்டும் அர்த்தம். கோழிக் கொழுப்பு என்று முதல் நான்கைந்து பொருளுக்குள் வந்தால் இவனுக்கு ஆகாது. வான்கோழியில் ஒன்று நன்றாக இருந்தது, ஆனால் எப்போது வரும், வராது என்று கடைக்காரச் சீன அம்மாவுக்கே தெரியவில்லை. ஊரில் கிடைக்காத உணவுக்கு அவனைப் பழக்கி வைத்தால் பிறகு கஷ்டம். அந்த அம்மா என்னைப் பார்த்து, 'அங்கிள், நாய்க்கு வாங்குறியா, பரீட்சைக்குப் படிக்கிறியா' என்று மலாயில் கேட்டார். முடிவில் கொழுப்பு பத்து விழுக்காட்டுக்குக் கீழே, முதல் பொருள் கோழிக்கறி, இரண்டாவது அரிசி என்று ஒன்று கிடைத்தது. பையில் ஓநாய் இல்லை, ஒரு சாதாரண நாய் புல்லில் உட்கார்ந்திருக்கிறது. படத்தை டாக்டருக்கு அனுப்பினேன், இது சரி என்று பதில் போட்டார். முதல் நாள் துரை அதையும் மதிக்கவில்லை. அம்மா கோழி வேக வைத்த தண்ணீரைக் குளிர வைத்து, மேலே திரளும் கொழுப்பை வழித்து எறிந்துவிட்டு, அந்தத் தண்ணீரில் ஊற வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டான். இப்போது பாதிக்குப் பாதி தாண்டி முக்கால்வாசி அதுதான். போன வாரம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். குழாயில் பால் இல்லை, தெளிவாக இருந்தது. டாக்டர் ஹஸ்ருல் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அம்மாவிடம் காட்டினார். அம்மா குழாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. கோகுலனுக்கு வேலையில் ஷிப்ட் மாறிவிட்டது, சாப்பிடும் நேரம் கெட்டுப்போய் மெலிந்திருக்கிறான், நீ அவனிடம் சொல்லு, என் பேச்சை எடுக்கமாட்டான். என் முழங்கால் மழை நாளில் வலிக்கிறது, மற்ற நாளில் இல்லை. நீ சாயங்காலமானால் நூடல்ஸ் போட்டுக்கொள்வதை நிறுத்தி ஒரு ரசமாவது வை. காது மூடும் தொப்பி போட்டுக்கொள்.

நீ போன வாரம் அனுப்பிய செய்தி கிடைத்தது. நாய்களை விமானத்தில் அனுப்பி வைக்கும் ஏஜெண்டிடம் பேசிவிட்டதாகவும், கூண்டுக்கு அளவு வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அளவு எடுத்தாயிற்று. அம்மா தையல் டேப்பை வைத்து மூக்கிலிருந்து வால் வரைக்கும் பிடித்தாள், துரை அசையாமல் நின்றான். அவன் உன் நாய், நீ கேட்டால் கொடுக்க வேண்டியதுதான், அங்கே வீட்டுக்குத் திரும்பினால் உனக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்றுதான் அம்மாவும் சொன்னாள். டேப்பைச் சுருட்டிக்கொண்டே, 'ஏஜெண்ட் எல்லாம் எதுக்கு, அவளையே வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க' என்றாள். லீவு கிடைக்குமோ என்னவோ என்றேன். டேப்பைத் தையல் டப்பாவில் வைத்து மூடினாள். பிறகு, 'வந்தா அவளுக்குக் கோழிக்கறி வச்சுத் தரேன்னு எழுதுங்க' என்றாள். நான் காதில் சரியாக விழாததுபோல் பார்த்தேன். 'சின்னதுல பக்கத்து வீட்டுல கறி கொதிச்சா வேலிகிட்டப் போய் நின்னுருவா. நான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன். இவனுக்கு ஆக்கிப் போடுறேன், அவளுக்கு ஒருநாள்கூட ஆக்கிப் போட்டதில்ல' என்றாள். அடுத்துத் தன் நேர்த்திக்கடனைப் பற்றிப் பேசுவாள் என்று நினைத்தேன். அவள் மஹ்பூபாவிடம் மசாலாவுக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

ஆகவே நீ டிக்கெட் பார். முருகன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், வழியெல்லாம் துணைக்கு வரட்டும், எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. வருகிற நாள் முடிவானதும் முன்கூட்டியே சொல்லு, துரைக்கு வேறு, உனக்கு வேறு என்று பாயிடம் சொல்ல வேண்டும். உனக்குத் தோல் எடுத்து வாங்குவதா, தோலோடு வாங்குவதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
ராமதாஸ்